குழந்தை பிழைக்கிறதா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் புத்தகப் பக்கத்தில் ஒரு புது நாவலுக்கு மதிப்புரை வந்திருந்தது. தலைப்பிரசவம், குறைமாதக் குழந்தை, இன்குபேட்டர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் தாய். மதிப்புரை நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன், அந்தத் தாயின் பயத்தை நாவல் எப்படிப் பிடித்திருக்கிறது என்று விளக்கிய இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் கடைசி வரியில், ‘அந்தப் பச்சிளம் உயிர் பிழைத்ததா என்பதை நாவலை வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று முடித்துவிட்டார். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போடுவார்களே, அதே பாணி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்பதை மறைப்பது நியாயம். அதைச் சொல்லிவிட்டால் படிப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. குழந்தை பிழைக்குமா என்பது அந்த மாதிரி முடிச்சு இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல என் கதையைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

என் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. ஒருநாள் முழுக்க அசைவே தெரியவில்லை என்று ஓடினோம். ஸ்கேன் எடுத்த பெண் அதுவரை என்னிடம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தி, திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் வந்து ‘துடிப்பு இல்லைம்மா’ என்று சொன்னதெல்லாம் அப்புறம். திரை திரும்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பிரசவம் என்று ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வலி உண்டு, முக்க வேண்டும், எல்லாம் உண்டு, அழுகைச் சத்தம் மட்டும் கிடையாது. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்று மார்புக்கு யார் போய்ச் சொல்வது? ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்து அட்டை மாதிரி ஆகியிருந்ததை இன்றைக்கும் விரல் நுனியில் உணர முடிகிறது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ‘மறந்துடு, அடுத்தது நல்லபடியா பிறக்கும்’ என்றார்கள். குழந்தை யார் ஜாடை என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஜாடை, மூக்கு அப்படியே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த நாட்களில் எனக்கு இதைப் பற்றிப் பேசுகிற ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. ஆறுதல் சொல்கிற புத்தகம் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிற ஒன்று. எங்கே தேடுவது? பின்னட்டைகளில் எல்லாம் ‘தாய்மையின் பூரிப்பு’, ‘ஒரு பெண்ணின் உணர்ச்சிப் போராட்டம்’ என்றுதான் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் நூலகத்தில் தற்செயலாகக் கையில் கிடைத்தது புச்சி எமெச்செட்டா என்ற நைஜீரிய எழுத்தாளரின் ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’, 1979-ல் வந்தது. தாய்மையின் இன்பங்கள் என்று தலைப்பு! வெறுப்பில் திருப்பி வைக்கப் போனவள் முதல் பக்கத்தைப் பார்த்தேன். 1934, லாகோஸ் நகரம், ஒருத்தி விடியற்காலையில் வெறிபிடித்தவள் போல ஓடிக்கொண்டிருக்கிறாள். சில வாரக் கைக்குழந்தை பாயில் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பாலத்திலிருந்து குதிக்க ஓடுகிறாள். ஓடும்போது மார்பிலிருந்து பால் வழிந்து துணியை நனைக்கிறது. அங்கேயே, அலமாரிக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாலை எழுதியவர் பொய் சொல்ல மாட்டார் என்று தோன்றியது. தலைப்பு குத்தல் என்பது அப்புறம் புரிந்தது.

இது முதல் தடவை. இறந்துபோகிற குழந்தை இருக்கிற புத்தகத்தை நானே தேடிப் போன காலம்.

இரண்டாவது, என் மகன் பிறந்த பிறகு. இப்போது அவனுக்கு ஏழு வயது, இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து ரப்பரைக் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறான், எதற்கும் பயப்படுகிற பையனாகத் தெரியவில்லை. ஆனால் அவன் பிறந்த முதல் இரண்டு மாதம் நான் தூங்கியதாக நினைவில்லை. அழுதால் பயமில்லை, அழாமல் தூங்கினால்தான் பயம். மொபைல் டார்ச்சை விரலால் மூடிக்கொண்டு, விரலிடுக்கில் வருகிற சிவப்பு வெளிச்சத்தில் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். பிறந்த குழந்தை மூச்சு விடுவது நம்மைப் போல ஒரே சீராக இருக்காது. நாலைந்து மூச்சு வேகமாக விடும், அப்புறம் நிறுத்தும். ஐந்து விநாடி, சில சமயம் பத்து விநாடி வரை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும். இது இயல்புதான், முதல் சில மாதத்தில் தானாகச் சரியாகிவிடும், அதற்கு மேலே நிறுத்தினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார். சொன்னார், சரி. ராத்திரி மூன்று மணிக்கு ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு டாக்டர் சொன்னது எங்கே நினைவுக்கு வரும்?

அந்தச் சமயத்தில் தோழி ஒருத்தி ஒரு நாவலைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன்னை மாதிரியே ஒருத்தி கதை, சிரித்துக்கொண்டே படிக்கலாம் என்றாள். அவள் பாதிதான் படித்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துப் படிப்பேன், பக்கத்தைக் கட்டைவிரலால் திருப்பப் பழகியிருந்தேன். உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருந்தது, முக்கால்வாசி வரை. அப்புறம் ஒரு பக்கத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், காலையில் அந்தத் தாய் எழுந்து தொட்டிலுக்குப் போகிறாள். எனக்கு அந்த வாக்கியம் பாதியிலேயே தெரிந்துவிட்டது, ஸ்கேன் திரை திரும்பிய மாதிரி. புத்தகத்தைப் போட்டுவிட்டு, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த மகனை உலுக்கி எழுப்பினேன். அவன் ஒரு மணி நேரம் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்காரர் எழுந்து வந்து என்ன ஆச்சு என்றார். ஒண்ணுமில்ல, கதை, என்றேன்.

இரண்டு தடவையும் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல்தான். ஒரு தடவை அது என்னை அந்தப் புத்தகத்திடம் அழைத்துப் போயிருக்கும், இன்னொரு தடவை காப்பாற்றியிருக்கும். இந்த மாதிரி புத்தகங்களைப் பிள்ளைத்தாய்ச்சிகள் தொடக்கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, தொட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தொடலாமா வேண்டாமா என்று அவரவர் தீர்மானிக்க முடியாதபடி மறைத்து வைப்பதுதான் என் புகார். எங்களைப் போன்றவர்கள் ஏதோ நாலு பேர் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022-ல் மட்டும் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் 23 லட்சம். உயிரில்லாமல் பிறந்தவை இதில் சேராது, அவை தனியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் படிக்கிறவராகவும் இருக்கலாம்.

முடிவைச் சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும் என்பீர்கள். இங்கேதான் நான் கொஞ்சம் சண்டை போட வேண்டும். இந்த விஷயத்தைப் பெரிதாக எழுதியவர்கள் பலர் முடிவை மறைக்கவே இல்லை, முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள். எமெச்செட்டாவைச் சொன்னேன். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’, 1987, முதல் வரியிலிருந்தே இறந்துபோன குழந்தையின் கோபம் வீடு முழுக்க நிறைந்திருக்கிறது. லெய்லா ஸ்லிமானியின் பிரெஞ்சு நாவல் ‘ஷான்சோன் தூஸ்’, அந்த நாட்டின் கோன்கூர் பரிசை 2016-ல் வாங்கியது. அதன் முதல் வாக்கியமே குழந்தை இறந்துவிட்டது என்பதுதான். அதற்குப் பிறகும் மக்கள் அதை லட்சக்கணக்கில் வாங்கித்தானே படித்தார்கள்?

மேகி ஓ’ஃபாரலின் ‘ஹாம்நெட்’ இதில் எனக்கு மிகவும் பிடித்தது. 2020-ல் வந்தது. ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்நெட் 1596-ல் பதினோரு வயதில் இறந்தான் என்று கதை தொடங்குமுன்பே ஒரு குறிப்பில் சொல்லிவிடுகிறார். உள்ளே போனால், அவனுடைய அம்மாவுக்கு இது தெரியாது. தான் சாகும்போது படுக்கையருகே இரண்டு பிள்ளைகள்தான் நிற்பார்கள் என்று அவளுக்கு ஒரு முன்தோற்றம் உண்டு. இரண்டாவது பிரசவத்தில் பையன் பிறக்கிறான், முடிந்தது என்று நினைத்தால் எதிர்பாராமல் இன்னொரு குழந்தை, இரட்டையில் இரண்டாவது, பொட்டுப்போல ஒரு பெண், உயிர் இருக்கிறதா என்றே தெரியாத நிலையில். ஆக மொத்தம் மூன்று பிள்ளைகள். போகப் போவது இவள்தான் என்று தாய் முடிவு கட்டிவிடுகிறாள். அன்றிலிருந்து வருஷக்கணக்கில் அவள் கண் அந்தப் பெண் மேலேயே இருக்கிறது. நமக்குத் தெரியும், போகப் போவது பையன். அவள் தப்பான தொட்டிலைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள், நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், ஒன்றும் செய்ய முடியவில்லை. முடிவு தெரியாமல் படித்திருந்தால் இந்த வேதனை எனக்குக் கிடைத்திருக்குமா? முடிவைத் தெரிந்துகொண்டதால்தான் ஒவ்வொரு பக்கமும் கனத்தது.

இவ்வளவு தூரம் போவானேன். குலசேகர ஆழ்வார் தேவகியாகவே மாறிப் பாடிய பதிகம் நம்மிடமே இருக்கிறது. ‘தாலொலித்திடும் திருவினையில்லாத் தாயரில் கடையாயின தாயே’ என்கிறாள் தேவகி. தாலாட்டுகிற பாக்கியம்கூடக் கிடைக்காத, தாய்மாரிலேயே கடைசித் தாய் நான் என்கிறாள். கண்ணன் பிழைத்துவிட்டான், வளர்ந்துவிட்டான், கம்சனையும் கொன்றுவிட்டான் என்பது தெரியாதவர் யார்? கேட்பவருக்கும் தெரியும், பாடுகிறவளுக்கும் தெரியும். இருந்தும் தொண்டை அடைக்கிறது, ஏனென்றால் அவள் அழுவது பிள்ளை உயிருக்காக இல்லை. பெற்ற இரவே தூக்கிக் கொடுத்துவிட்ட அந்தப் பச்சைக் குழந்தை, வளர்ந்து எதிரே வந்து நின்றாலும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. பாட வேண்டிய வயதில் பாடாத தாலாட்டை ‘தாலோ’ ‘தாலோ’ என்று இப்போது பாடிப் பார்க்கிறாள். முடிச்சு என்று இதில் எதை அவிழ்ப்பது?

அடுத்தது எனக்கு ரொம்ப நாளாக உள்ள ஒரு மனத்தாங்கல். பயம் மட்டுமே ஒரு கதைக்குப் போதும் என்று நாவலாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. தாய் பயப்படுகிறாள் என்றால் குழந்தைக்கு ஏதாவது நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பக்கமும் வீண் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. உண்மையில் நிறையப் பேர் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமலே அந்தப் பயத்தோடு வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். அதை எழுதிய ஒருவர் டால்ஸ்டாய், அதுவும் அப்பாவின் பக்கத்திலிருந்து. ‘அன்னா கரேனினா’வில் கிட்டியின் பிரசவம் வருகிறது, அவள் கணவன் லெவின் வெளியே தவிக்கிறான், கடவுள் நம்பிக்கை இல்லாதவன் வாய்விட்டு வேண்டுகிறான், அவள் செத்தே போய்விட்டாள் என்று முடிவுகூடப் பண்ணிவிடுகிறான். பிறகு தாயும் பிள்ளையும் நலம். பிள்ளையைக் கையில் காட்டுகிறார்கள், அவனுக்கு வருவது பூரிப்பு இல்லை. இனிமேல் தனக்கு அடிபடக்கூடிய இடம் ஒன்று புதிதாக முளைத்துவிட்டது என்ற பயம்தான் முதலில் வருகிறது. அந்தப் பயத்தில், குழந்தை தும்மியபோது தனக்கு ஏற்பட்ட அர்த்தமில்லாத சந்தோஷத்தைக்கூட அவன் சரியாகக் கவனிக்கவில்லை என்று எழுதுகிறார். தும்மல்! பெற்ற வீட்டில் இருந்தவர்தான் இதை எழுத முடியும்.

கடைசிப் பகுதியில் ஒரு புயல் மழை. கிட்டியும் குழந்தையும் தோப்பில் மாட்டிக்கொண்டார்கள், பெரிய ஓக் மரம் ஒன்றில் இடி விழுந்து மரம் சாய்கிறது. லெவின் ஓடிக்கொண்டே, கடவுளே, அவர்கள்மேல் விழுந்திருக்கக் கூடாது என்று வேண்டுகிறான். மரம் ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது, இனிமேல் வேண்டி என்ன பிரயோஜனம் என்று அவனுக்கே தெரிகிறது, ஆனாலும் வேண்டுகிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நனைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்கேனுக்குப் போகிற வழியில் வண்டியில் நான் செய்ததும் இதே காரியம், அப்போதே எல்லாம் முடிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. டால்ஸ்டாய் அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த 1873-க்கும் 1875-க்கும் இடையில் அவர் வீட்டில் மூன்று சிறு குழந்தைகள் இறந்திருக்கின்றன. அவர் நினைத்திருந்தால் அந்த ஓக் மரத்தைக் கொஞ்சம் தள்ளி விழவைத்திருக்கலாம். விழவைக்கவில்லை.

பயங்கரக் கதை என்று எல்லாரும் சொல்கிற ‘ஃபிராங்கன்ஸ்டைன்’கூட எனக்கு இந்த வரிசையில்தான் வருகிறது. அதை எழுதிய மேரி ஷெல்லியைப் பெற்ற பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் அவருடைய அம்மா பிரசவ ஜுரத்தில் இறந்துபோனார், 1797-ல். மேரிக்கு முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து 1815 மார்ச்சில் இறந்தது. அதே மாதம் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்திருக்கிறார்: குழந்தை சாகவில்லை, உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது அவ்வளவுதான், நெருப்புப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து, செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கிறவன் கதை வெளியாகிறது. உயிர் கொடுத்துவிட்டு, அது கண்ணைத் திறந்ததும் பயந்து ஓடிப்போகிறான் அவன். இதைப் பிரசவத்தின் பயமாகப் படிக்கலாம் என்று எல்லன் மோயர்ஸ் என்ற அமெரிக்க விமர்சகர் 1976-ல் எழுதினார். பதின்வயதில் அதைப் பேய்க்கதையாகப் படித்து ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். அந்தக் கனவைப் பற்றித் தெரிந்த பிறகு, அதில் பேய் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். எழுதியவரின் உரிமை, மதிப்புரையின் மரபு எல்லாம் எனக்கும் புரிகிறது, முடிவு தெரியாமல் படிப்பதை விரும்புகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் வாயில் மண் போட வேண்டியதில்லை. அதே ஞாயிறு இதழில் குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடையை எங்கே போடுகிறீர்கள்? பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், தலைகீழாக. வேண்டியவர்கள் பேப்பரைத் திருப்பிப் படிப்பார்கள், வேண்டாதவர்கள் கண்ணிலேயே படாது. பிரசவம், கைக்குழந்தை என்று வருகிற புத்தகங்களுக்கு மதிப்புரை போடும்போது அதே மாதிரி ஒரே ஒரு வரி போடுங்கள். ‘குழந்தை பிழைக்கிறது’ அல்லது ‘பிழைக்கவில்லை’. தாயைப் பற்றியும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. பாதி மைகூடச் செலவாகாது.

போன வாரம் நீங்கள் மதிப்புரை போட்ட நாவலை நான் இன்னும் வாங்கவில்லை. கடையில் நின்று கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தேன், இப்போது எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறக்கிறேன். அதில் மழை பெய்கிறது. அவள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கிறாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முந்தின பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை, வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் மதிப்புரையாளர் முழுவதும் படித்திருப்பார், தயவுசெய்து அவரைக் கேட்டு அடுத்த ஞாயிறு எங்காவது ஒரு மூலையில், தலைகீழாகவாவது, போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல வருஷத்து வாசகி